ஏழாம் பாட்டில் மண்

கொடைக்கானல்,
8.7.2007

அன்புள்ள சுதா அக்காவுக்கு,

உன் தங்கை ராணி எழுதுவது. நான் இங்கே சுகம். மதுரை வெயிலில் உனக்கு வந்த கண்வலி போய்விட்டதா?

நீ மண் எடுத்து அனுப்பச் சொன்னதால், இன்று முதல் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். பார்த்ததை, பிடிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடவும் மாட்டேன். ஆராய்ச்சிக்கு உதவுகிறவள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னார். அதனால் முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பாட்டிலுக்கு மண் எடுக்கும்போது கரண்டி கீழே விழுந்துவிட்டது. கிருமி போக மறுபடி மெழுகுவர்த்தியில் காட்டி, ஆறவிட்டுத்தான் எடுத்தேன்.

ஆறு பாட்டில்களுக்கு நீ சொன்ன இடங்களில்தான் எடுத்தேன். சோலையில் விழுந்து மக்கிய மரத்தடி, பைன் மரத்தடி, பேரிக்காய்த் தோட்டம் எல்லாம் லேபிளில் இருக்கிறது. ஏழாவதை “உனக்குத் தோன்றும் இடத்தில் எடு” என்று எழுதியிருந்தாய். நான் அதைத் தைலக் கொட்டகையில் எடுத்தேன்.

விடுதிக்குப் பின்னால் இறக்கத்தில் திருமலைச்சாமி மாமா யூகலிப்டஸ் இலையை அண்டாவில் அவித்துத் தைலம் எடுக்கிறார். அவித்த இலையை வெளியே கொட்டிக் கொட்டி அது ஒரு மேடாகிவிட்டது. காலையில் அதிலிருந்து ஆவி எழும்பும். அப்போதுதான் கொட்டியதால் சூடு என்று நினைத்திருந்தேன். இல்லை அக்கா. போன வருடம் கொட்டி, கறுத்து மண்ணாகிவிட்ட பக்கத்திலும் முழங்கை வரை விட்டால் கை சுடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மற்ற பெண்களுக்கு வீட்டிலிருந்து ஆள் வருகிற நேரத்தில் நான் அங்கே போய், கையை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவால் பண்ணைக்காட்டிலிருந்து மாதம் ஒரு தடவைதான் வர முடிகிறது. எஸ்டேட்டில் காப்பிக்குக் களை வெட்டு நடக்கிறதாம்.

பாட்டில்களை மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். “உள்ள என்னம்மா?” என்று கேட்டார். “மண்” என்றேன். “மதுரையில இல்லாத மண்ணா?” என்றார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ராணி


மதுரை,
19.7.2007

அன்புத் தங்கை ராணிக்கு,

கண்வலி போய்விட்டது. இப்போது மூக்குக்குத்தான் வேலை. உன் ஏழாம் பாட்டிலைத் திறந்ததும் லேப் முழுக்கத் தைல வாசனை. சார் உள்ளே வந்து, “யாருக்கு ஜலதோஷம்?” என்று கேட்டார்.

மண் எதற்கு என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். செடியின் உடம்பு முழுக்கச் சர்க்கரைதான், ராணி. ஆனால் அந்தச் சர்க்கரை மணிகளைச் செல்லுலோஸ் என்ற சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறது. நம் வயிற்றால் அதை உடைக்க முடியாது. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களால் முடியும். அவை ஒரு நொதியைச் சுரக்கின்றன. அது சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அந்த நொதி நிறையக் கிடைத்தால் வைக்கோல், கரும்புச் சக்கை, காய்ந்த இலை எல்லாவற்றையும் சர்க்கரையாக்கலாம். சர்க்கரையைப் புளிக்கவைத்தால் எத்தனால். அதை ஊற்றி வண்டி ஓட்டலாம். கடையில் விற்கிற நொதி விலை அதிகம், சூடு ஏறினால் செத்துவிடும். சூடு தாங்குகிற ஒன்றைத் தேடித்தான் நாங்கள் ஊர் ஊராக மண் சேர்க்கிறோம்.

இந்த ஆராய்ச்சித் திட்டத்தில் என் வேலை மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் நல்ல பாக்டீரியா ஒன்று கிடைத்தால் திட்டத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பார்கள். நீட்டித்தால் இந்த ஹாஸ்டலை விட்டுவிட்டு வெளியே ஒரு அறை எடுப்பேன். பத்தாவது முடித்ததும் நீ இங்கே வந்து பிளஸ் ஒன் சேரலாம். அப்பா போன பிறகு நாம் மூன்று பேரும் மூன்று இடத்தில் கிடக்கிறோம். இரண்டு பேராவது ஒரே கூரைக்குக் கீழே இருப்போம். இது சத்தியம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே.

உன் அக்கா,
சுதா


கொடைக்கானல்,
12.8.2007

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலம் அறியக் காத்திருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

செல்லுலோஸ் என்றால் என்ன என்று நூலகத்தில் படித்தேன். நாம் எழுதுகிற தாளும் அதுதானாம். உடனே ஒரு சோதனை தொடங்கிவிட்டேன். என் கணக்குப் பரீட்சைத் தாளை நான்காகக் கிழித்து, பைன் மரத்தடியில் ஒன்று, பேரித் தோட்டத்தில் ஒன்று, விடுதி வாசலில் ஒன்று, தைலக் குப்பையில் ஒன்று புதைத்திருக்கிறேன். (மதிப்பெண் எழுதியிருக்கும் துண்டைத்தான் குப்பையில் வைத்தேன். நாற்பத்தெட்டு.)

புதைத்துக்கொண்டிருக்கும்போது திருமலைச்சாமி மாமா பார்த்துவிட்டார்.

“ஏ புள்ள, குப்பைக்குள்ள என்ன சோலி ஒனக்கு?”

“ஆராய்ச்சி மாமா. எங்கக்காவுக்கு. இதுல இருந்து பெட்ரோல் மாதிரி எடுக்கலாமாம்.”

“அடி ஆத்தே! கேரட்டுக்குப் போடக்கூட ஒருத்தனும் சீண்ட மாட்டேங்கிறான். அப்ப வெரசா எடு. என் டி.வி.எஸ். பிப்டி மூணு நாளா மூச்சில்லாமக் கெடக்கு.”

திரும்பி வரும்போது சமையல் கந்தம்மாள் அக்கா கதவிலேயே நின்றிருந்தார். எங்கள் விடுதியில் வார்டனைவிட அவருக்குத்தான் எல்லோரும் பயப்படுவோம். “மகாராணி எங்க பவனி போயிட்டு வாராக? கையெல்லாம் கறுப்பு. இந்தக் கையோட சட்டியைத் தொட்டே, அம்புட்டுத்தான்” என்றார். எனக்கு மகாராணி என்று ஏன் பேர் வைத்தார்கள்? சுதாராணி என்றால் யாரும் கேலி செய்வதில்லை.

அந்த அறையில் ஜன்னல் இருக்குமா என்று எழுது. மாடியா, கீழா என்றும் எழுது.

அன்புடன்,
ராணி


மதுரை,
20.9.2007

ராணி,

நலமா? அவசரமாக எழுதுகிறேன், மற்றதைப் பிறகு விசாரிக்கிறேன்.

உன் ஏழாம் பாட்டில்!

முதலில் ஒன்றுமே முளைக்காது என்றுதான் நினைத்தோம். அவித்த இலையில் எது உயிரோடு இருக்கும்? இருந்திருக்கிறது. செல்லுலோஸ் கலந்த தட்டில் அதை வளர்த்தோம். அந்தத் தட்டில் சிவப்புச் சாயம் ஊற்றி, உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். செல்லுலோஸ் இருக்கிற இடமெல்லாம் சிவப்பாக நிற்கும். பாக்டீரியா அதை வெட்டித் தின்ற இடம் மட்டும் வெளுத்துவிடும். மற்ற மண்ணில் பொட்டு அளவு வெளுத்தது. உன் மண்ணில் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய மஞ்சள் வளையம். சார் தட்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அறுபது டிகிரிச் சூட்டில் வைத்தோம். நாம் கை வைக்க முடியாத சூடு. அதிலும் அதன் நொதி வேலை செய்கிறது. ராத்திரி போட்ட வைக்கோல் தூளில் காலையில் சர்க்கரை வந்திருக்கிறது.

எங்கே எடுத்தாய், எவ்வளவு ஆழம், தொட்டால் எவ்வளவு சூடு, எல்லாம் மறுபடி எழுது.

சுதா


கொடைக்கானல்,
30.9.2007

என் அன்பு அக்காவுக்கு,

நலம் நலம் நலம். உன் கடிதத்தை இதுவரை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

நீ கேட்ட விவரம் தனித்தாளில் இருக்கிறது. என் சோதனை முடிவு இது. பைன் மரத்தடித் தாள் அப்படியே இருந்தது, எழுத்துகூட அழியவில்லை. பேரித் தோட்டத்தில் ஓரம் அரித்திருந்தது. விடுதி வாசலில் வைத்ததை நாய் தோண்டிவிட்டது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. குப்பையில் தாளே இல்லை. விரலால் தேடினேன். கூழ் மாதிரி ஏதோ ஒட்டியது. என் நாற்பத்தெட்டு மதிப்பெண்ணையும் உன் பாக்டீரியா சர்க்கரையாக்கிவிட்டது.

விடுதியில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்துப் படுக்கைப் பெண்ணிடம் சொன்னேன். “குப்பையில கை விட்டியா? சீ” என்று படுக்கையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பரவாயில்லை. ஜூனுக்குப் பிறகு நான் இங்கே இருக்கப்போவதில்லை.

அறையில் நீ ஜன்னல் பக்கம் படுத்துக்கொள். எனக்குக் குளிர் பழக்கம், நான் தரையில் படுப்பேன். மதுரையில் தரையில் குளிராது என்று ஞாபகம் வந்துவிட்டது. நான் தோசை சுடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் கந்தம்மாள் அக்கா ஒன்று சுட விடுகிறார்.

தீபாவளிக்குப் பண்ணைக்காட்டுக்கு வருவாய்தானே? அம்மா உனக்குப் பிடிக்கும் என்று மிளகுக் குழம்புக்குப் புது மிளகு எடுத்து வைத்திருக்கிறது.

உன்,
ராணி


மதுரை,
2.11.2007

அன்புள்ள ராணிக்கு,

நலம். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

தீபாவளிக்கு வர முடியாது. வருத்தப்படாதே. பாக்டீரியாவுக்குத் தீபாவளி தெரியாது. நொதிக்கலனில் இரண்டு லிட்டர் வளர்ந்துகொண்டிருக்கிறது, விட்டுவிட்டு வர ஆள் இல்லை.

உனக்கு ஒரு செய்தி. அதற்குக் கே.ஆர்.7 என்று பெயர் வைத்திருக்கிறேன். கொடைக்கானல், ராணி, ஏழு. சாரிடம் கே.ஆர். என்றால் “கொடை ரேஞ்ச்” என்று சொல்லியிருக்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

போன வாரம் இங்கே ஒரு கருத்தரங்கு நடந்தது. கொரியாவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நம் தட்டைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் என்னிடமே பேசினார். என் இங்கிலீஷ் அவருக்கும் அவர் இங்கிலீஷ் எனக்கும் பாதிதான் புரிந்தது. நல்ல மனிதர்.

அம்மாவுக்குச் சேலை அனுப்பியிருக்கிறேன். உனக்கு நீலச் சுடிதார். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது. நீ வளர்ந்திருப்பாய்.

சுதா


கொடைக்கானல்,
9.12.2007

அன்புள்ள அக்கா,

நான் நலம். கொஞ்சம் ஜலதோஷம். நீ சுகந்தானே?

சுடிதார் கை கொஞ்சம் குட்டை. மற்றபடி சரி. தீபாவளிக்கு அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா மிளகுக் குழம்பு வைத்துவிட்டு, உனக்கு என்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தது. மறுநாள் அதை நாங்கள்தான் சாப்பிட்டோம்.

இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. காலையில் புல் எல்லாம் வெள்ளை. குழாயில் தண்ணீர் வெள்ளனே வருவதில்லை. கொரியா எங்கே இருக்கிறது என்று அட்லஸில் பார்த்தேன். அங்கே ஆறே உறைந்துவிடுமாம். அந்தப் பேராசிரியர் மதுரையில் என்ன பாடுபட்டிருப்பார்!

நான் முன்பு கேட்டதையே மறுபடி கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீட்டிப்பு வந்துவிட்டதா? அறை பார்த்தாயா? பள்ளியில் ஜனவரிக்குள் சொல்லச் சொல்கிறார்கள். இங்கேயே பிளஸ் ஒன் சேர்கிறவர்களுக்குத்தான் விடுதியில் இடம் பிடித்து வைப்பார்களாம். நான் மதுரை போகிறேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானே?

பதில் போடு.

ராணி


மதுரை,
28.1.2008

அன்பு ராணி,

நலமா? பொங்கலுக்கும் வரவில்லை என்று அம்மா வருத்தப்பட்டிருக்கும். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.

அறை விஷயத்தைப் பிறகு பேசுவோம். உன் விடுதி இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயா, வாயால் சொன்னதோடு சரியா? வாயால்தான் என்றால் அப்படியே இருக்கட்டும். அந்தப் பள்ளியும் நல்ல பள்ளிதான். ஆசிரியர்கள் உன்னை அறிந்தவர்கள்.

நன்றாகப் படி. வேறு எதையும் யோசிக்காதே.

சுதா


கொடைக்கானல்,
10.2.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

இன்று அம்மா வந்தது. மாதக் கடைசியில்தான் வரும், முன்னாலேயே வந்துவிட்டது. கையில் பையும் இல்லை. வந்ததும் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சாலைக் கல்லில் உட்கார்ந்தது. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏ ராணி, நம்மள மறுபடி சிலோனுக்கு அனுப்பப் போறாங்களாடி?”

“யாரும்மா சொன்னா?”

“போலீசு வந்துச்சு. லயத்துக்கே வந்து, சுதாராணிங்கிறது யாரு, பாஸ்போட்டுக்குப் போட்டிருக்குன்னு கேட்டாரு. எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“அப்பிடி ஒரு புள்ளையே இங்க இல்லைங்கன்னுட்டேன். பக்கத்து வீட்டு இருளாயியும் வெளிய வந்து, நான் பாத்ததே இல்லைங்கன்னுட்டா. அந்தாளு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. நல்லவேளை, உங்கக்கா படம் செவத்துல இருந்துச்சு, நான் அதுக்கு முன்னால நின்னுக்கிட்டேன்.”

எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் யார் வந்து யாரைக் கேட்டாலும் எல்லோரும் ஒரே வாயாக இல்லை என்று சொல்வதுதான் வழக்கம் என்பது உனக்கே தெரியும். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அவர்களை இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றியதிலிருந்து, எழுதுகிற ஆள் வந்தாலே பயம்.

“பாஸ்போர்ட்டுனா பயப்பட ஒண்ணுமில்லம்மா” என்றேன்.

“உனக்கென்ன தெரியும்? அந்தப் பொஸ்தகம் வீட்டுக்கு வந்தா, வீட்டுல ஒரு ஆளு கொறஞ்சிரும். நாங்க வந்தப்ப அப்பிடித்தான் ஆச்சு.”

வேறு எந்தச் சுதாராணியையோ தேடி வந்திருப்பார்கள், நம் அக்காவுக்குப் பாஸ்போர்ட் எதற்கு என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே போனது.

நான் சொன்னது சரிதானா என்று எழுது.

ராணி


மதுரை,
15.2.2008

ராணி,

நீ சொன்னது சரியில்லை. அந்தச் சுதாராணி நான்தான்.

நேரில் சொல்ல வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் கொரியப் பேராசிரியர் நவம்பரிலேயே எழுதிக் கேட்டிருந்தார். கே.ஆர்.7-ஐ வைத்தே அவரிடம் பிஎச்.டி. செய்யலாம். மூன்று வருடம், நான்கும் ஆகலாம். முழு உதவித்தொகை. நம் பக்கத்திலிருந்து இப்படி யாரும் போனதில்லை.

“விண்ணப்பத்தில் சொன்ன முகவரியில் அப்படி யாரும் இல்லை” என்று போலீஸ் அறிக்கை போய்விட்டது. பாஸ்போர்ட் நின்றுவிட்டது. ஏப்ரல் பத்துக்குள் அவர்களுக்குப் பாஸ்போர்ட் எண் அனுப்பியாக வேண்டும். அம்மாவே ஸ்டேஷனுக்குப் போய், தன் மகள்தான் என்று சொன்னால் மறுபடி விசாரித்து எழுதுவார்களாம். அம்மா தனியாகப் போகாது. நான் ஆள் விட்டாலும் நம்பாது. நீ சொன்னால்தான் கேட்கும். கூட்டிக்கொண்டு போ, ராணி. உனக்குப் பரீட்சை என்று தெரியும். ஒரு நாள்தான்.

அம்மாவின் மேல் கோபமில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

உடம்பு எப்படி இருக்கிறது? ஜலதோஷம் விட்டதா?

சுதா


மதுரை,
7.3.2008

அன்பு ராணி,

உன்னிடமிருந்து மூன்று வாரமாகப் பதில் இல்லை. இத்தனை நாள் நீ எழுதாமல் இருந்ததே இல்லை. விடுதிக்குப் போன் செய்தேன். சுகமாக இருக்கிறாய், படிக்கிறாய் என்றார்கள்.

ஒன்றை மறைத்துவிட்டேன். திட்டத்துக்கு நீட்டிப்பு வந்துவிட்டது. டிசம்பரிலேயே வந்துவிட்டது. கொரியா போகாவிட்டால் சார் என்னை இங்கேயே வைத்துக்கொள்வார். அறையும் எடுக்கலாம், நீயும் வரலாம். இரண்டையும் எடுத்து வைத்துப் பார்த்து, நான் கொரியாவைத்தான் எடுத்தேன். அதைத் தெரிந்துகொண்டே நீ பதில் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நானே ஊருக்கு வந்து அம்மாவைக் கூட்டிப் போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். அங்கே வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். திரும்பிவிட்டேன்.

சுதா


கொடைக்கானல்,
23.3.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், இருமல் குறைந்திருக்கிறது. நீ பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போனதைப் படித்ததிலிருந்து உன் உடம்பைப் பற்றித்தான் நினைக்கிறேன். சாப்பிடு.

உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் பரீட்சை இல்லை. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே ஏப்ரல் பத்து வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஜூனில் அறை கிடைக்கும். உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது.

போன ஞாயிறு அம்மா வந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். பேச்சு எடுக்க வேண்டுமே என்று, “நீங்க வந்தப்ப ஒரு ஆளு கொறஞ்சிச்சுன்னியே, யாரும்மா?” என்று கேட்டேன்.

“எங்கக்கா” என்றது அம்மா. “காளியாயின்னு பேரு.”

அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

“சிலோன்ல பேரு பதியிற ஆபீசுல தொரை மாதிரி ஒருத்தன் உக்காந்து, எத்தனை புள்ளைங்கன்னு கேட்டான். எங்கப்பா நாலுன்னாரு. நாங்க அஞ்சு பேரு. அவ அப்ப வேற தோட்டத்துல கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தா. அவ சம்பாத்தியத்துலதான் கப்பலுக்குப் போற வரைக்கும் சாப்பாடு. பொறவு கூப்பிட்டுக்கலாம்னு நெனச்சாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். பதினோரு வயசு எனக்கு. அஞ்சுன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொன்னா வரிசை நின்னுபோயிரும், எல்லாரும் திட்டுவாங்கன்னு சும்மா இருந்துட்டேன்.”

“அப்புறம் கூப்பிடலையா?”

“பேரே இல்லாதவள எப்பிடிக் கூப்பிடுறது?” என்று சொல்லிவிட்டு, அம்மா மடியிலிருந்த கடலைத் தொலியைத் தட்டிவிட்டது.

நான் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா முழுக்கக் கேட்டது. கடைசியில் “அப்ப அன்னைக்கு வந்த போலீசு, நெசமாவே நம்ம சுதாவுக்காகத்தானா?” என்று மட்டும் கேட்டது. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டது. வார்டனிடம் அனுமதி கேட்டு நான் அம்மாவோடு பண்ணைக்காட்டுக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் ஜீப்பில் ஸ்டேஷனுக்குப் போனோம்.

அம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டது. ஏட்டு அய்யா தாளைத் தேடி எடுத்தார். வந்திருந்தவர் அவரேதான்.

“ராக்கம்மாங்கிறது நீங்கதானே? அன்னைக்கு, அப்பிடி ஒரு புள்ளையே இல்லைங்கன்னீங்க. இப்ப மகளுங்கிறீங்க. என்ன, இடையில வானத்துல இருந்து குதிச்சிருச்சா?”

“அன்னைக்கும் இருந்துச்சுங்க.”

“பொறவு ஏம்மா இல்லன்னீங்க?”

“இருக்குன்னா கூட்டிட்டுப் போயிருவீங்களோன்னு.”

அவர் சிரித்துவிட்டார். “நான் எங்கம்மா கூட்டிட்டுப் போறேன்? அது பாட்டுக்குப் போவுது. சரி, இப்ப சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

அம்மா என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்காதபடி, “சொன்னா போயிருவாளா?” என்று கேட்டது.

“போயிருவாம்மா.”

“எம்புட்டு நாளு?”

“மூணு வருசம். நாலும் ஆகலாம்.”

“அப்ப நீ?”

அந்தக் கேள்வியை நான் நினைத்துப் பார்த்து வைத்திருக்கவில்லை. “எனக்குப் பரீட்சை இருக்குல்ல” என்றேன். அம்மா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டியிருந்தால் அப்படியே எழுந்து வந்திருக்கும், அக்கா. அது எனக்குத் தெரிந்தது. “சொல்லும்மா” என்றேன்.

பிறகு அம்மாவை நிறுத்த முடியவில்லை. “சுதாராணி. எம் மக. மூத்தவ. லயத்துலதான் பொறந்தா. ஆனி மாசம், நல்ல மழை, மருத்துவச்சி வாரதுக்குள்ள பொறந்துட்டா. மூணு வயசு வரைக்கும் பேச்சு வரல...”

“போதும்மா, போதும். பொறந்த கதைக்கெல்லாம் இதுல எடமில்ல.”

“எழுதிக்கங்க சாமி. விட்டுப்போயிரப் போவுது” என்று அம்மா சொன்னது. உனக்கு அம்மை போட்டது, உன் இடது புருவத் தழும்பு, நீ படித்த பள்ளி எல்லாவற்றையும் சொல்லி முடித்துத்தான் எழுந்தது. ஏட்டு அய்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் கேட்டார். ஒரு வாரத்தில் புது அறிக்கை போய்விடும் என்றார். நீ பாஸ்போர்ட் ஆபீசில் போய்க் கேட்டுக்கொள்.

வெளியே வந்ததும் அம்மா, “அங்கிட்டு ரொம்பக் குளிராமே?” என்று கேட்டது. ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம். என்னை பஸ் ஏற்றிவிடும் வரை என் கையை விடவில்லை.

விடுதி இடத்தை நான் வாயால் மட்டும்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வார்டனிடம் போய், இங்கேயே பிளஸ் ஒன் சேர்கிறேன் என்றேன். “தெரியும்” என்றார். உன்னிடமிருந்து போன் வந்தபோதே என் பெயரை எழுதி வைத்துவிட்டாராம். உயிரியல் பிரிவில் இடம் இருக்கிறது.

வியாழக்கிழமை தமிழ் முதல் தாள். நன்றாகப் படித்திருக்கிறேன். நீ புறப்படும் தேதி தெரிந்ததும் எழுது. அன்றைக்குப் பள்ளி இருந்தாலும் மதுரைக்கு வருகிறேன், அம்மாவையும் கூட்டி வருகிறேன். ஏரோப்பிளேன் நிற்கும் இடத்துக்குள் விடமாட்டார்களாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்று சொன்னார்கள்.

அங்கே போனதும் முகவரியைத் தெளிவாக எழுதி அனுப்பு. உடம்பைக் கவனித்துக்கொள். கை, காது, பாதம் மூன்றையும் மூடு. மற்றது தானாகச் சூடாகிவிடும்.

அந்த அறையைப் பற்றி இன்னும் ஒன்று உன்னிடம் கேட்க வேண்டும் என்றிருந்தேன். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ராணி